ஒன்பது வருடம் கழித்துச் சொன்ன எழவு

துலுக்காணம் தன் வாழ்நாளில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யாமல் விட்டது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்காகப் புன்னைப்பேட்டுப் பெரிய வீட்டுக்காரர்கள் அவனை வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும். அவர்கள் வாயிலிருந்து வேறு என்ன வரப்போகிறது?

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து மேற்கே இரண்டு கல் நடந்தால் புன்னைப்பேடு. ஊர் மேட்டில் இருந்தது, சேரி பள்ளத்தில். சேரியிலிருந்து ரோட்டுக்கு வர ஊர்த்தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. அந்தத் தெருவில் சேரிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் வைத்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் எங்கேயும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. எழுதி ஒட்டியிருந்தால் யாராவது ஒருவன் எப்போதோ கிழித்துப் போட்டிருப்பான்.

துலுக்காணம் குடும்பத்துக்கு ஊரில் ஒரு வேலை இருந்தது. பெரிய வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் ஓடிப் போய் எழவு சொல்ல வேண்டும். சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று, இன்னார் தவறிவிட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார்கள். முடித்ததும் ஒரு முறம் நெல் போடுவார்கள், மாட்டுக் கொட்டகை ஓரமாகச் சோறு போடுவார்கள், அடுத்த ஊருக்கு விரட்டுவார்கள். அப்பன் செய்தான். அப்பன் செத்ததும் மூத்தவன் தேசப்பன் செய்திருக்க வேண்டும். அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு எண்ணூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டான். வேலை இளையவன் துலுக்காணம் தலையில் விழுந்தது.

சேரியில் பாதி வீடு கிறிஸ்தவ வீடு. ஓலைக் கூரை போட்ட சின்னக் கோயிலும் அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. உபதேசியார் தானியேல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் முடிந்ததும் மிஷன் பத்திரிகையை வாசித்துக் காட்டுவார். உலக நடப்பு கேட்கிற ஆசையில் மற்றவர்களும் வந்து பின்னால் உட்காருவார்கள். அறுபத்து மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு நாள் அமெரிக்காவில் நடந்ததை வாசித்தார். கறுப்பு மக்களுடைய கோயிலில் வெள்ளைக்காரர்கள் குண்டு வைத்து நாலு பெண் பிள்ளைகள் செத்துப்போன கதை. பஸ்ஸில் எழுந்து இடம் விடச் சொன்னதற்காக ஒரு வருடத்துக்கும் மேலே பஸ்ஸே ஏறாமல் கறுப்பு ஜனங்கள் நடந்தே வேலைக்குப் போனதையும் சொன்னார். செத்த பிள்ளைகளுக்காக அழுதுகொண்டே ஜெபம் பண்ணினார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள்.

"குண்டு வெச்சவன புடிச்சிட்டாங்களா சார்?" என்று ஊருக்கு வந்திருந்த தேசப்பன் கேட்டான்.

"இன்னும் இல்ல தம்பி."

"யாருன்னு தெரியாதா?"

"தெரியும்னுதான் சொல்றாங்க."

"அப்ப அங்கயும் ஒரு முன்சீப் கீறான்" என்றான் தேசப்பன். எல்லோரும் சிரித்தார்கள். தானியேல் மட்டும் சிரிக்கவில்லை. கிராம முன்சீப் மணவாளனுக்குச் சித்தப்பா மகன். மணவாளன்தான் பெரிய வீட்டுக்காரர். நிலம், களம், ஏரி மீன் குத்தகை எல்லாம் அவருடையது. சேரி இருந்த இடம்கூடத் தன்னுடையது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுபத்தைந்து வைகாசியில் தேசப்பன் லீவில் வந்திருந்தான். அம்மா குப்பாயிக்கு நாலு நாளாகக் காய்ச்சல், நிற்கக்கூட முடியவில்லை. அவளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். ஊர்த்தெரு முனையில் அவன் இறங்கவில்லை. இறங்கித் தள்ளினால் அம்மா சரிந்து விழுவாள். காலில் செருப்பும் இருந்தது. மணியடித்துக்கொண்டே போனான்.

பாதித் தெருவில் பிடித்துவிட்டார்கள்.

துலுக்காணம் அப்போது மணவாளன் களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தான். இருபது வயது. தெருவில் சத்தம் கேட்டது, என்னவென்று தெரியவில்லை. மணவாளன் வேகமாகக் களத்துக்குள் வந்து, "டேய், வண்டிக் கயிறு எடுத்தா" என்றார். துலுக்காணம் எடுத்துக்கொண்டு ஓடி வந்து கொடுத்தான். கயிறு எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவனுக்கும் இல்லை, அவன் அப்பனுக்கும் இருந்ததில்லை. கொடுத்த பிறகுதான் அண்ணனை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தான்.

களத்து நடுவில் இருந்த கல்லில் தேசப்பனைக் கட்டினார்கள். குப்பாயியைத் தரையில் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மணவாளன் முதலில் அடித்தார். பிறகு ஊரில் ஒவ்வொருவராக வந்து அடித்தார்கள். மணவாளன் மகன் பரசுராமனுக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பா கை வலிக்கிறது என்று உட்கார்ந்ததும் அவன் தடியை வாங்கிக்கொண்டான். துலுக்காணம் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றான். கும்பிட்ட கை கடைசிவரை இறங்கவில்லை. பிற்பாடு அவன் தன்னை மன்னிக்காமல் போனது அந்தக் கயிற்றுக்காகவும் இந்தக் கும்பிடுக்காகவும்தான்.

மூன்றாம் நாள் தேசப்பன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டுச் செத்தான் என்று முன்சீப் எழுதிக் கொடுத்தார். வந்த போலீஸ்காரர் பெரிய வீட்டில் மோர் குடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். குப்பாயியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணவாளன் ஆள் அனுப்பிச் சொன்னார்: மேளம் அடிக்கக் கூடாது, கூட்டம் சேரக் கூடாது, எந்த ஊருக்கும் எழவு சொல்லப் போகக் கூடாது, மீறினால் சேரியில் ஒரு கூரை இருக்காது. ஊருக்கெல்லாம் எழவு சொல்கிற குடும்பத்தில் விழுந்த சாவை யாருக்கும் சொல்லாமல் புதைத்தார்கள். பழவேற்காட்டுப் பக்கம் இருந்த சொந்த அத்தைக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

துலுக்காணம் உபதேசியாரிடம் போனான். "அமெரிக்காவுல செத்ததுக்கு அழுதுகினே ஜெபம் பண்ணீங்களே சார். எங்கண்ணனுக்கும் கோயில்ல ஒரு தபா பேர் சொல்லிப் பண்ணுங்க" என்றான்.

தானியேல் வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "மெதுவா பேசுடா. பள்ளிக்கூடத்தையும் சேத்து கொளுத்திடுவாங்க. மனசுக்குள்ள பண்றேன். நீயும் மன்னிச்சிடு."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். கடல் தாண்டி நடந்த கொலைக்குச் சத்தமாக அழலாம், பக்கத்துக் களத்தில் நடந்த கொலைக்கு மனசுக்குள்தான் அழ வேண்டும். அன்றைக்கு வெளியே வந்த துலுக்காணம் அந்தக் கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் வைத்திருந்தான். பெரிய வீட்டில் மணவாளனின் அம்மா செத்தாள், தம்பி செத்தான். இரண்டுக்கும் துலுக்காணம்தான் ஓடினான், ஒரு ஊர் விடாமல் சொல்லிவிட்டு வந்தான். நல்ல பையன், அண்ணன் மாதிரி திமிர் இல்லை என்று ஊரில் பேர் எடுத்தான். அம்மா உயிரோடு இருக்கும்வரை கூரை எரியக் கூடாது. அவனுக்கு அந்த ஒரு கணக்குத்தான். குப்பாயியோ யார் வீட்டுக்குப் போனாலும், யாரும் கேட்காமலே, "எம்புள்ள சைக்கிள்ல இருந்து உழுந்து சாவுல" என்று சொல்வாள். கேட்கிறவர்கள் அக்கம்பக்கம் பார்ப்பார்கள். எழுபத்து மூன்றில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. இரும்பு உருட்டுகிற ஆலை ஒன்றில் துலுக்காணத்துக்கு வேலை கிடைத்தது. சேரியிலிருந்து பதினாலு பேர் அதே ஆலைக்குப் போனார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே குழாயில் தண்ணீர். முதல் நாள் அவன் அந்தக் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, யாராவது கத்துவார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பின்னால் நின்றவன், "குடிச்சாச்சுன்னா நவுருய்யா" என்றான். அவ்வளவுதான்.

எழுபத்து நாலு சித்திரையில் ஒரு காலை, துலுக்காணம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஊர்த் தலையாரி சடையப்பன் சேரி முனையில் நின்று கூப்பிட்டான். "டேய் துலுக்காணம், பெரியாண்டே பூட்டாரு. கவரைப்பேட்ட, பெரியபாளையம், ஊத்துக்கோட்ட, மூணு ஊருக்கும் நீ போய் சொல்லு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எடுக்குறாங்க."

பெரியாண்டே என்றால் மணவாளன். ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அடித்துக் கொன்றவனுடைய சாவைப் போய்ச் சொல்லிவிட்டு வா என்று கொல்லப்பட்டவனுடைய தம்பியை அனுப்புகிறார்கள். வேறு ஆள் இல்லாமல் இல்லை, தந்தியாபீஸ் இல்லாமலும் இல்லை. அவன் வீட்டு வேலை அது, அவன்தானே போக வேண்டும் என்று அனுப்பினார்கள். அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சேரிக்காரனுக்கு ஞாபகம் என்று ஒன்று உண்டு என்பதையே அவர்கள் யோசித்ததில்லை.

"போறேன்" என்றான் துலுக்காணம். சட்டையைக் கழற்றவில்லை. துண்டைத் தோளில் போட்டான். ஊர்த்தெருவில் செருப்புக் காலோடு நடந்தான். சாவு வீட்டு அமளியில் யாரும் கவனிக்கவில்லை.

கவரைப்பேட்டையில் இருந்தது மணவாளனின் மச்சான் வீடு. புருஷன் செத்தால் பொண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். ஆக அங்கேதான் முதலில் சொல்ல வேண்டும். வாசலில் போய் நின்றான். கிணறு வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்கள் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். மச்சான்காரர் வெளியே வந்தார். துலுக்காணத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. இவன் வந்தால் எழவு என்று எல்லோருக்கும் தெரியும்.

"யாருடா?"

"எழவு சொல்ல வந்தேன். தேசப்பன் செத்துட்டாரு."

"எந்தத் தேசப்பன்?"

"எங்கண்ணன். புன்னைப்பேடு குப்பாயி மவன். காச்சல் கண்ட தாயை சைக்கிள்ல வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாரு. தெருவுல எறங்கலன்னு உங்க மச்சான் மணவாளன் களத்துல கட்டி வெச்சி அடிச்சி சாவடிச்சாரு. உங்க அக்கா மவன் பரசுராமன் தடிய வாங்கி அடிச்சாரு. கயிறு எடுத்தாந்து குடுத்தவன் நானு. செத்து ஒம்போது வருசமாவுது. அப்ப சொல்ல உடல. இப்ப சொல்றேன்."

எழவு சொல்கிறவன் பேச்சில் குறுக்கே போகாத பழக்கம் அவரை முழுவதையும் கேட்க வைத்துவிட்டது. கேட்டு முடித்த பிறகுதான் கோபம் வந்தது. "குடிச்சிட்டு வந்துகீறியாடா நாயே" என்று செருப்பைத் தூக்கினார். கிணற்று வேலைக்காரர்கள் மண்வெட்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஏதோ ஒரு சேரியைச் சேர்ந்தவர்கள்தான். "நல்லா சொல்லுப்பா" என்று ஒருவன் முணுமுணுத்தான். துலுக்காணம் ஓடவில்லை. மெல்லத் திரும்பி நடந்தான். மணவாளன் செத்ததை அவன் சொல்லவே இல்லை.

பெரியபாளையத்தில் சம்பந்தி வீடு, பரசுராமனுக்குப் பெண் கொடுத்தவர்கள். அங்கே கடைத்தெருவில் வைத்தே சொன்னான், நாலு பேர் கேட்கட்டும் என்று. அதே வார்த்தை, அதே வரிசை, ஒன்றும் குறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவனுக்கு உடம்பில் இருந்த பயம் வேர்வையாக ஊற்றிப் போனது. ஒன்பது வருடமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது இப்போதுதான் அடுத்தவன் நெஞ்சில் குத்துகிறது என்று நினைத்தான். நன்றாக இருந்தது. அவனுக்கு அது நன்றாக இருந்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

ஊத்துக்கோட்டைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. மணவாளனின் ஒரே மகள் கங்கம்மாள் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். களத்தில் அடித்த அன்று அவள் மாடியிலிருந்து பார்த்த சின்னப் பெண். துலுக்காணம் சொன்னான். அவள் திட்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும். பாத்தேன்" என்றாள். பிறகு, "இத்த சொல்றதுக்கா உன்ன அனுப்புனாங்க? அப்பாவுக்கு இன்னா? உசுரோடதானே கீறாரு?" என்றாள்.

துலுக்காணம் திரும்பி நடந்தான். எதிரே இருந்த மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தான். புன்னைப்பேட்டுப் பக்கம் போக அன்றைக்கு ஒரே ஒரு பஸ்தான் பாக்கி. அவள் வாசலுக்கும் தெருவுக்குமாக அலைந்தாள். புருஷனும் வீட்டில் இல்லை. "துலுக்காணம், சொல்லுப்பா. அப்பாதானே? முகத்தையாவது பாக்கணும்பா" என்று அழுதாள். அவன் வாய்வரைக்கும் வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அம்மாவை வராந்தாவிலேயே உட்கார வைத்து, அண்ணன் உடம்பை மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். குப்பாயி மகன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான். பஸ் வந்தது, நின்றது, போயிற்று.

அதற்குப் பிறகு எழுந்து, "ஆமா, உங்கப்பாதான். நாளைக்குப் பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தான். பாவம் அந்தப் பெண் என்பீர்கள். பாவம்தான். அவனும் இல்லை என்று சொன்னதில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பெரிய வீட்டுப் பந்தலில் நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. கோடிப் புடவை வரவில்லை, சம்பந்தி வரவில்லை. சித்திரை வெயில். பன்னிரண்டு மணிக்கு ஊதுவத்தியை ஐந்தைந்தாகக் கொளுத்தினார்கள். மத்தியானம் கங்கம்மாள் வாடகைக் காரில் வந்து இறங்கினாள், நடந்ததைச் சொன்னாள். அலறியடித்துக்கொண்டு கவரைப்பேட்டைக்கு ஆள் ஓடி, மச்சானை அழைத்து வந்து பிணத்தை எடுக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தூக்கினவர்கள் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு தூக்கினார்கள். தேசப்பன் விஷயம் பந்தலில் எல்லோர் வாயிலும் இருந்தது. மெதுவாகத்தான் பேசினார்கள், ஆனால் பேசினார்கள்.

பரசுராமன் தடியோடு சேரிக்குப் போனான். சேரி முனையில் ஆலைக்குப் போகிற பதினாலு பேரும் நின்றார்கள். ஒருவனும் கை ஓங்கவில்லை, ஒருவனும் நகரவும் இல்லை. பரசுராமன் திரும்பி வந்து, போலீஸுக்குப் போவோம் என்றான். எப்போதும் போலீஸ் தங்களுக்குத்தானே என்ற நினைப்பு.

அங்கே புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. தென்பக்கத்து ஆள், மோர் குடிக்காதவர். துலுக்காணத்தையும் வரச்சொல்லி ஓரமாக நிற்க வைத்தார்.

"எங்கப்பாவப் பத்தி ஊரெல்லாம் அவதூறு சொல்லிட்டான் சார்" என்றான் பரசுராமன்.

"என்ன சொன்னான்?"

"ஏதேதோ சொன்னான் சார்."

"ஏதேதோன்னு மனுவில எழுத முடியாது. வார்த்தைக்கு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா எந்திரிச்சுப் போங்க."

பரசுராமன் துலுக்காணத்தைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். கோபம் கண்ணை மறைத்தது. சொன்னான். ரைட்டர் எழுதினார். நம்பர் போட்டார். பிறகு இரண்டு பேரும் கேட்கும்படி வாசித்தார். "எங்கள் தகப்பனார் மணவாளன் என்பவர் 1965ஆம் வருடம் வைகாசி மாதத்தில், தேசப்பன் என்பவரைத் தனக்குச் சொந்தமான களத்தில் கட்டி வைத்து அடித்துக் கொன்றதாகவும், அப்போது நானும் கூடச் சேர்ந்து தடியால் அடித்ததாகவும், மேற்படி துலுக்காணம்..."

எழுதிய காகிதத்தில் அண்ணன் பெயரோடு கொன்றது என்ற வார்த்தை சேர்ந்து வருவதை அன்றைக்குத்தான் துலுக்காணம் முதல் தடவையாகக் கேட்டான். அதை எழுதச் சொன்னவன் பெரிய வீட்டு வாரிசு.

"நீ இதைச் சொன்னியா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"சொன்னேன் சார்."

"பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"கீறாங்க சார்." ஒவ்வொரு பெயராகச் சொன்னான். தகப்பன் பெயர், தெரு, யார் கையில் என்ன இருந்தது எல்லாம் சொன்னான். ஒன்பது வருடமாகப் படுக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பட்டியல், ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. முப்பத்தொரு பெயர் வந்தது. ரைட்டர் இன்னொரு தாள் எடுத்தார்.

எஸ்.ஐ. பரசுராமன் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

பரசுராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்றான். "வேணாம் சார், விடுங்க. துக்க வீடு. மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றான். அவன் கை மேஜைமேல் இருந்த காகிதத்தை நோக்கிப் போனது. ரைட்டர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

துலுக்காணம் சுவரோரத்திலிருந்து நகர்ந்து முன்னால் வந்தான். பரசுராமனையோ அவன் அப்பாவையோ நேருக்கு நேர் பெயர் சொல்லிக் கூப்பிடத் துலுக்காணம் குடும்பத்தில் யாருக்கும் வாய் வந்ததில்லை.

"வாபஸ் வாங்காத பரசுராமா" என்றான். "கோர்ட்டுக்குப் போலாம் வா. அங்க இத்த இன்னும் சத்தமா படிப்பாங்க."